அண்ணாச்சி ஏன் இரண்டு கிலோவுக்கு மேல் தரவில்லை?

கேள்வி:

பாகூர் கொம்யூனில், தென்பெண்ணைக் கரையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. வீட்டில் ஐந்து பேர். கணவர் கம்பெனி வேலைக்குப் போகிறார், நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன், இரண்டு பிள்ளைகள், மாமியார். மளிகை எல்லாம் ஊரிலிருக்கும் அண்ணாச்சி கடையில்தான். நோட்டில் எழுதி வாங்குவோம், சம்பளம் வந்ததும் கொடுப்போம்.

2020 ஊரடங்கில் எங்கள் வீட்டில் பத்து நாளைக்கு மேல் பருப்பு இல்லாமல் ஓட்டினோம். அதிலிருந்து என் மாமியாருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. யார் என்ன சொன்னாலும் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறார். ஃபெஞ்சல் புயல் வந்தபோது வீட்டில் மூன்று சிப்பம் அரிசி இருந்தது. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்ததில் அடியில் இருந்த இரண்டும் நனைந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டு நான்கு நாள் கழித்து வந்து கதவைத் திறந்தால் ஒரே நாற்றம். அத்தனையும் குழி தோண்டிக் கொட்டினோம். மாமியார் அன்று சாப்பிடவில்லை.

அப்படியும் பயம் போகவில்லை. 2025 மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்தபோது, இனி லாரி வராது, அரிசி பருப்பு கிடைக்காது என்று போனில் ஒரு செய்தி சுற்றியது. மாமியார் கடைக்குப் போய் பத்து கிலோ துவரம் பருப்பு கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, “வீட்டுக்கு ரெண்டு கிலோதாம்மா, அதுக்கு மேல யாருக்கும் இல்லை” என்று சொல்லிவிட்டார். “இருபது வருஷமா வாங்குறோம், காசு குடுத்தாக்கூடத் தரமாட்டியா?” என்று இவர் கேட்க, பேச்சு வளர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கடை வாசல் மிதிக்கக் கூடாது என்கிறார். நோட்டில் 2,300 ரூபாய் பாக்கி அப்படியே நிற்கிறது.

ஐப்பசி வரப்போகிறது. வீட்டில் எவ்வளவு சாமான் வைத்துக்கொள்ளலாம், எங்கே வைப்பது? வாங்கி வைப்பது பதுக்கல் ஆகுமா? அண்ணாச்சி செய்தது சரியா? மாமியாரிடம் நான் என்ன சொல்ல?

— பெயர் வேண்டாம், பாகூர் கொம்யூன்

பதில்:

அம்மா, உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு. நடுவில் இருந்தது நான்கே மணி நேரம். தேசம் முழுக்க அந்த நான்கு மணி நேரத்தில் மக்கள் கடைக்கு ஓடினார்கள். பிறகு லாரிகள் சாலையில் நின்றன, மூட்டை இறக்க ஆள் வரவில்லை, ஓட்டுநர்களுக்கு வழியில் சோறு கிடைக்கவில்லை. கிடங்கில் சரக்கு இருந்தது, கடைக்கு வந்து சேரவில்லை.

நம் பக்கத்தில் இதோடு இன்னும் இரண்டு சங்கடங்கள் சேர்ந்துகொண்டன. ஒன்று எல்லை. பாகூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி டவுனைவிடக் கடலூர்தான் பக்கம். கல்யாணத்துக்குத் துணி எடுப்பதிலிருந்து மொத்தமாக மளிகை வாங்குவது வரை கடலூர்தான். இங்கே ஒரு தெரு புதுவை, அடுத்த தெரு தமிழ்நாடு என்று கிடக்கிற பூமி. 1954 நவம்பர் 1-க்கு முன்பு பிரெஞ்சுக்காரர் காலத்தில் எல்லைக்கு எல்லை சுங்கச் சாவடி இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2020-ல் மறுபடியும் எல்லையில் தடுப்பு வைத்தார்கள். கடலூர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தும் போக முடியவில்லை.

இன்னொன்று ரேஷன். தமிழ்நாட்டுப் பக்கத்து ஊரில் ரேஷன் கடை திறந்திருந்தது, அரிசி போட்டார்கள். நம் பக்கம் 2015 செப்டம்பரிலேயே அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்துவிட்டதால், ரேஷன் கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தன. கணக்கில் பணம் விழுந்தாலும் அதைக் கொண்டுபோய் அரிசியாக்க ஊரில் ஒரு கடை வேண்டுமே! அந்தப் பாரம் முழுக்க அண்ணாச்சி கடைகளின் தலையில்தான் விழுந்தது. கடைகளைத் திரும்பத் திறந்தது 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்பு. இந்த இடைப்பட்ட வருடங்களை வாழ்ந்து பார்த்த ஒரு பெண்மணிக்குப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது அண்ணாச்சி பக்கத்துக்கு வருகிறேன். நான் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சரக்கு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதை முப்பது வருடம் கையால் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கிராமத்துக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 150 வீடு அந்தக் கடையை நம்பி இருக்கிறது என்று வையுங்கள். வீட்டுக்கு வாரம் அரைக் கிலோ துவரம் பருப்பு என்றால் வாரத்துக்கு 75 கிலோ. கடைக்காரர் வாரம் ஒருமுறையோ இருமுறையோ டவுனுக்குப் போய் மொத்தக் கடையில் சரக்கு எடுப்பார். கையில் 80 கிலோ வைத்திருப்பார். அதற்கு மேல் வைக்க அவரிடம் முதல் கிடையாது. முதல் முக்கால்வாசி நம் எல்லோர் பேரிலும் நோட்டில் பாக்கியாக நிற்கிறது. ஒரு சாயங்காலம் 40 வீட்டுக்காரர்கள் வந்து ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கினாலே போதும், 80 கிலோவும் தீர்ந்தது. அந்த 40 பேரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. யாரும் மூட்டை மூட்டையாகத் தூக்கவில்லை. ஆனாலும் மீதி 110 வீட்டுக்கு அந்த வாரம் பருப்பு கிடையாது. காலி டப்பாவைப் பார்க்கிற அந்த 110 பேரும் ‘அப்போ செய்தி உண்மைதான்’ என்று நினைப்பார்கள். அடுத்த லோடு வந்ததும் அவர்களும் ஆளுக்கு நான்கு கிலோ கேட்பார்கள்.

உங்கள் மாமியார் கேட்டது பத்து கிலோ. எட்டே வீட்டுக்காரர்கள் அப்படிக் கேட்டிருந்தால் கடை காலி. ‘வீட்டுக்கு இரண்டு கிலோ’ என்று அண்ணாச்சி கை வைத்தது நியாயம் என்றுதான் நான் சொல்வேன். இரண்டு கிலோ என்பது உங்கள் வீட்டுக்குக் குறைந்தது மூன்று வாரத்துக்கு வருமே! 2020 மார்ச் கடைசியில் இந்தியன் ஆயில் கம்பெனி, ஒரு சிலிண்டர் பதிந்து 15 நாள் ஆனால்தான் அடுத்ததைப் பதியலாம் என்று வைத்ததே, அதுவும் இதே வழிதான். கேஸ் இல்லாமல் போய்விடும் என்று பயந்து எல்லோரும் ஒரே நாளில் பதிந்ததால்தான் அப்படிச் செய்ய வேண்டி வந்தது. அண்ணாச்சி இரண்டு கிலோவையும் வழக்கமான விலைக்குத்தான் கொடுத்தாரா என்று மட்டும் விசாரித்துப் பாருங்கள். பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தப்பு, 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம். அவர் அப்படிச் செய்திருந்தால் நீங்களே எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தப் புத்தி எனக்கு முதலிலேயே இருந்ததில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியது. அப்போது நான் வில்லியனூர் பக்கம் ஒரு பண்டகசாலைக்குப் பொறுப்பு. மரமெல்லாம் சாய்ந்து கிடந்தது, கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் கடையைத் திறந்ததும் கூட்டம். மெழுகுவத்தி, தீப்பெட்டி, சேமியா, ரவை, எண்ணெய். கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுத்தேன். விற்பனை நன்றாக நடக்கிறது என்றுகூட நினைத்தேன். பதினொரு மணிக்கெல்லாம் மெழுகுவத்தி தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும், இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்த மரங்களை வெட்டி அப்புறப்படுத்தும் வேலைக்குப் போய்விட்டு ஒரு பெண் வந்தாள். கையெல்லாம் கீறல். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கூலியை அவிழ்த்து மேசையில் வைத்தாள். அரைக் கிலோ அரிசி, கால் லிட்டர் எண்ணெய், இரண்டு மெழுகுவத்தி கேட்டாள். அரிசி மட்டும் இருந்தது. இல்லை என்று நான் சொன்னதும் ஒரு வார்த்தை பேசவில்லை. “சரிங்கய்யா” என்று சொல்லி, மீதிக் காசைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு இருட்டில் நடந்தாள். பொங்கலுக்கு என் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் பிரிக்காத மெழுகுவத்திப் பாக்கெட்டுகள் நான்கு அடுக்கியிருந்தன. நான் விற்றதுதான்.

அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் வாங்குகிறவர்கள் கடைக்கு வருவதே சாயங்காலத்தில்தான். பதற்றமான நாளில் காலையிலேயே காசோடு வரக்கூடிய நாம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்தவரை, புயல் எச்சரிக்கை வந்தால் ஒவ்வொரு சாமானிலும் மூன்றில் ஒரு பங்கை ஐந்து மணிக்குப் பிறகு விற்பதற்கென்று உள்ளே எடுத்து வைத்துவிடுவேன். சில பேர் திட்டினார்கள். உங்கள் அண்ணாச்சியும் அந்த மாதிரி யாரையோ மனதில் வைத்துத்தான் இரண்டு கிலோ என்றிருப்பார். உங்கள் ஊரில் நாற்று நட, களை பறிக்கப் போகிறவர்கள் எத்தனை வீடு என்று அவருக்குத் தெரியாதா?

இனி போனில் சுற்றிய அந்தச் செய்திக்கு வருகிறேன். சாமான் இல்லாமல் போவது இரண்டு விதம். நிஜமாகவே வராமல் போவது ஒன்று. இருக்கும்போதே எல்லோரும் ஒரே நாளில் வாங்கி இல்லாமல் ஆக்குவது மற்றது.

நிஜமான தட்டுப்பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கையைப் பாருங்கள். 2022-ல் அங்கே இறக்குமதிக்குக் கொடுக்க அந்நியச் செலாவணி இல்லை. பால்மா, கேஸ், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் வரிசை. வரிசையில் நின்றே வயதானவர்கள் இறந்தார்கள். பிழைக்க வழியில்லாமல் படகேறி ராமேசுவரம் வந்தார்கள் நம் மக்கள். அதே வருடம் ஏப்ரல் 28 முதல் மூன்று வாரத்துக்கு மேல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயும் குறைந்தது. எண்ணெய் விலை ஏறியதில் வதந்தி ஒன்றும் இல்லை.

ஆனால் 2016 நவம்பரில் உப்பு இல்லை என்று வட இந்தியாவில் ஒரு வதந்தி கிளம்பியது. ஆயிரம் ரூபாய் நோட்டும் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டும் செல்லாது என்று அறிவித்த மூன்றாம் நாள் அது. தில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் உப்புக்காகக் கடைகளில் தள்ளுமுள்ளு. உலகத்தில் அதிகம் உப்பு விளைவிக்கிற நாடுகளில் நம்முடையது மூன்றாவது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும்போது மரக்காணத்தில் உப்பைக் குவித்து வைத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2011-ல் ஜப்பானில் அணு உலை வெடித்ததும் சீனாவில் இதே போல் உப்புக்கு அடித்துக்கொண்டார்கள். படித்தவர்கள் நிறைந்த அமெரிக்காவில், 2023 ஜூலை 20-ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்ததும் நம் தமிழர்களும் தெலுங்கர்களும் இந்தியக் கடைகளில் வரிசையில் நின்று சோனா மசூரி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் அடுக்கினார்கள். அங்கேயும் கடைக்காரர்கள் ‘குடும்பத்துக்கு ஒரு மூட்டை’ என்று எழுதி ஒட்டினார்கள். உங்கள் அண்ணாச்சி எழுதி ஒட்டவில்லை, வாயால் சொன்னார், அவ்வளவுதான்.

2025 மே மாதச் செய்தி இந்த இரண்டாவது வகை. அந்த வாரத்திலேயே மத்திய உணவு அமைச்சர் பிரகலாத் ஜோஷி, கையிருப்பு தாராளமாக இருக்கிறது, வதந்தியை நம்ப வேண்டாம் என்று அறிக்கை விட்டார். அரசுக் கிடங்குகளில் அரிசி மட்டும் 350 லட்சம் டன்னுக்கு மேல் இருந்தது. கட்டாயம் இருக்க வேண்டிய அளவு ஏறக்குறைய 135 லட்சம் டன்தான். ஆனால் கிடங்கில் இருக்கிற அரிசி நாளைக் காலை பாகூர் கடைக்கு வந்துவிடும் என்று நானும் சொல்லமாட்டேன். நாம் வாங்குகிற கடைக்கும் கிடங்குக்கும் நடுவில் லாரி, மொத்தக் கடை, சுமை இறக்குபவர், அண்ணாச்சியின் கைமுதல் என்று எத்தனையோ இருக்கின்றன. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊரிலேயே, அந்த நெல்லில் நிறைய வெளியூர் ஆலைக்குப் போய் சிப்பமாகத்தான் திரும்பி வருகிறது. துவரம் பருப்போ கர்நாடகம், மகாராஷ்டிரம், பர்மா என்று வெகு தூரத்திலிருந்து வருவது. அதனால் பத்து நாள் தடங்கல் எப்போதும் வரலாம். அந்தப் பத்துப் பதினைந்து நாளைக்கு வீட்டில் இருப்பு வைக்கத்தான் வேண்டும். அதைச் செய்தி வந்த அன்றைக்கு வாங்கக் கூடாது, ஒன்றும் இல்லாத நாளில் வாங்க வேண்டும்.

பதுக்கலா என்று கேட்டீர்கள். பின்னால் விலை ஏறும்போது விற்பதற்காக மறைத்து வைப்பதுதான் பதுக்கல். 1955-ஆம் வருட அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் குறி வைப்பது அந்த வியாபாரத்தை. நம் பாட்டிமார் குதிரிலும் பத்தாயத்திலும் அடுத்த அறுவடை வரைக்கும் நெல் வைத்திருந்தார்கள். அதை யாரும் பதுக்கல் என்று சொன்னதில்லை, ஏனென்றால் அறுவடைக் காலத்தில், எல்லோர் களத்திலும் நெல் கிடந்தபோது எடுத்து வைத்தார்கள். ஆவணியில் நீங்கள் ஒரு சிப்பம் கூடுதலாக வாங்கினால் அண்ணாச்சி அடுத்த லோடில் ஒன்று சேர்த்துக் கொண்டு வந்துவிடுவார், யாருக்கும் குறையாது. அதே சிப்பத்தைப் புயல் எச்சரிக்கை வந்த சாயங்காலம் வாங்கினால் அது இன்னொரு வீட்டுச் சிப்பம்.

அளவு சொல்கிறேன். இரண்டு பேர் உடல் உழைப்பு, இரண்டு பிள்ளைகள், ஒரு வயதானவர் என்றால் உங்கள் வீட்டுக்கு மாதம் 35 கிலோ அரிசி தாராளம். 25 கிலோ சிப்பம் ஒன்று மூன்று வாரம் வரும். புழங்குகிற சிப்பம் போக ஒரே ஒரு சிப்பம் கூடுதலாக இருந்தால் போதும். மூன்று வேண்டாம். ரேஷன் அரிசி வருவதை இதில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு மூன்று கிலோ, எண்ணெய் இரண்டு லிட்டர், உப்பு இரண்டு கிலோ, புளி ஒரு கிலோ, மிளகாய், சர்க்கரை, டீத்தூள், பால் பவுடர் கொஞ்சம். பாண்லே பால் வண்டி வராத நாளுக்குப் பால் பவுடர் உதவும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்காதீர்கள். இந்த மாதம் பருப்பில் ஒரு கிலோ கூட, அடுத்த மாதம் எண்ணெயில் ஒரு பாக்கெட் கூட. கை கடிக்காது.

இவற்றைவிட நான் வற்புறுத்துவது அவல், பொட்டுக்கடலை, வெல்லம் மூன்றையும்தான். அடுப்பே பற்றவைக்க முடியாத நாளில், பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும்போது, ஒரு கைப்பிடி அவலை ஊறவைத்து வெல்லம் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகள் பசி ஆறும். இரண்டு கிலோ அவல் ஒரு பையில் எடுத்துப் போகிற கனம்தான். மாமியாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை ஏதாவது இருந்தால் பதினைந்து நாள் மாத்திரை அதே பையில் இருக்க வேண்டும். அரிசி ஓடிவிடும் என்று பயப்படுகிற நாம் மாத்திரையைக் கடைசிப் பட்டை தீர்ந்த பிறகுதான் நினைக்கிறோம்.

எங்கே வைப்பது என்பதற்கு உங்கள் சுவரே பதில் சொல்லும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை ஏறியபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்குக் குறையாமல் மழை. அந்த மழையைக்கூட உங்கள் ஊர் தாங்கியது. மூழ்கடித்தது அதற்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர். ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் ராத்திரியில் திறந்தார்கள். மழை விட்டுவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்த பிறகு வந்த வெள்ளம் அது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணிக் கரையிலும் அப்படித்தான், வீடூர் அணை திறந்தால் நம் வானம் வெளுத்திருந்தாலும் தண்ணீர் வரும். அன்று வந்த தண்ணீரின் கறை வீட்டுச் சுவரில் ஒரு கோடாக இருக்கும். வெள்ளையடித்திருந்தாலும் கதவு நிலையில் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு முழம். அதற்குக் கீழே ஒரு பொட்டலமும் வைக்காதீர்கள்.

சிப்பத்தை அப்படியே பரணில் ஏற்றுவது கஷ்டம், அந்தச் சாக்கில் ஈரமும் இறங்கும், எலியும் ஏறும். மூடி இறுக்கமாக இருக்கிற 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா இரண்டு வாங்குங்கள். ஒன்றில் சுமார் 16 கிலோ அரிசி கொள்ளும். ஒரு பெண்பிள்ளை தனியாகத் தூக்கி ஏற்றலாம். மூடி மேல் வாங்கிய மாதத்தைச் சாக்பீஸால் எழுதுங்கள். புதிது வாங்கியதும் அதை ஏற்றி, பழையதை இறக்கிப் புழங்குங்கள். அரிசி வண்டுக்கு ஒரு தலைமுறைக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல் போதும், நம் வெயில் காலத்தில் அது இன்னும் வேகம். மூன்று சிப்பம் வாங்கி மூலையில் போட்டால் மூன்றாவதைத் திறக்கும்போது அது வண்டுக்குத்தான் மிஞ்சும். காய்ந்த வேப்பிலையோ வசம்போ போடுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். பருப்பை வெயிலில் காயப்போடலாம். அரிசியை உச்சி வெயிலில் கொட்டாதீர்கள், வெடித்து நொய்யாகிவிடும், நிழலில் பரப்பினால் போதும். நீண்ட நாள் இருக்க வேண்டுமென்றால் கேழ்வரகு இரண்டு கிலோ வைத்துப் பாருங்கள். அதில் பூச்சி லேசில் அண்டாது.

நனைந்த அரிசியைக் குழி தோண்டிக் கொட்டியது மிகச் சரியான காரியம். மனம் கேட்காமல் கழுவிக் காயவைத்துச் சமைத்தவர்களை எனக்குத் தெரியும். வெள்ளத் தண்ணீரில் கக்கூஸ் தண்ணீரும் வயல் மருந்தும் கலந்திருக்கும். மாட்டுக்குப் போடலாமே என்பார்கள். பூஞ்சை பிடித்த தானியத்தின் நஞ்சு மாட்டின் பால் வழியாகப் பிள்ளைகளுக்கே வந்து சேரும். பிரிக்காத எண்ணெய் பாக்கெட், டின் மட்டும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி எடுத்துக்கொள்ளலாம்.

மாமியாரிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். சொல்வதைவிட அவர் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். நம் புதுவைப் பக்கத்து வடகம் அவருக்குப் போடத் தெரியாமல் இருக்காது. சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி, ராத்திரி மூடி வைத்து மறுநாள் மறுபடி காயவைத்து, ஒரு வாரம் பத்து நாள் அதன் பின்னாலேயே அலைவார்கள். பானையில் போட்டுக் கட்டிவிட்டால் ஒரு வருடம் நிற்கும். வெங்காயம் விலை ஏறினாலும் தாளிக்க வடகம் இருக்கிறது. ஒரு உருண்டை வடகமும் நான்கு துண்டு கருவாடும் கொஞ்சம் புளியும் இருந்தால் வெள்ளம் வடிந்த வீட்டில் முதல் நாள் குழம்பு தயார். மோர்மிளகாய், கொத்தவரை வத்தல், மாவடு எல்லாம் அவர் தலைமுறையின் கைவேலை. பயத்தில் கடைக்கு ஓடுகிற கால்களுக்கு இது நல்ல வேலை. பரணில் என்ன இருக்கிறது, எது குறைகிறது என்ற கணக்கையும் அவரிடமே விட்டுவிடுங்கள். ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும், எழுத வராவிட்டால் பிள்ளைகள் எழுதுவார்கள். அடுத்த முறை போனில் செய்தி வரும்போது அவர் கடைக்கு ஓடாமல் பரணைத்தான் பார்ப்பார்.

நீங்கள் மகளிர் குழுவில் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மூட்டைப் பருப்பை மொத்தக் கடையில் எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். விலையும் குறையும். ஆனால் அண்ணாச்சிக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அவரையே எடுத்துவரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பாதி ராத்திரியில் கதவைத் தட்டினால் திறக்கிற கடை அது ஒன்றுதான்.

அந்த 2,300 ரூபாயை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். அவர் அடுத்த லோடு எடுக்கிற முதலில் உங்கள் பாக்கியும் ஒரு பங்கு. புயலுக்கு முன்னால் அவர் கடையில் சரக்கு நிறைந்திருக்க வேண்டுமென்றால் இப்போதே அவர் கையில் காசு இருக்க வேண்டும். முடியாவிட்டால் ஆயிரமாவது கொடுங்கள். தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் அந்த ஒரு சிப்பத்தையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். பணத்தை நீங்கள் கொண்டுபோக வேண்டாம், உங்கள் மாமியார் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.